ஆல்பேட்டையில் பையைத் திறந்தபோது

ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
பதினோரு வருஷமாக
நான் ஊதுகிறேன், அருள்தாஸ் கேட்கிறான்.
என் குடலுக்கு மட்டும்
இரண்டாவது விசில் தெரியாது.

கடலூரிலிருந்து பாண்டிக்கு ஐம்பது நிமிஷம்.
பயணிகளுக்கு அது
ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில்.
எனக்கு,
பங்க்கின் பின்புறம், தாழ்ப்பாள் கிடையாது.
கிருமாம்பாக்கத்தில் பரிமளா டிபன் கடை, சாவி கல்லாவில்.
தவளக்குப்பத்தில் ஒன்றுமில்லை.
தவளக்குப்பத்தை மூச்சடக்கித்தான் கடக்க வேண்டும்.

முதலில் மூலம் என்றார்கள்.
துத்தி இலையும் கருணைக்கிழங்கும் தின்றேன்.
பிறகு சூடு என்றார்கள்.
மோரில் வெந்தயம் மிதந்தது.
ரத்தம் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஜிப்மரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா
திரையை என் பக்கம் திருப்பினார்.
சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின்
முழங்கால் மாதிரி இருந்தது உள்ளே.
"கிருமி இல்லை. உங்க எதிர்ப்பு சக்தியே
ஆள் தெரியாம அடிக்குது."
புரிந்தது.
பாஸ் வைத்திருப்பவனைப் பாதி வழியில் இறக்கிவிடும்
புது கண்டக்டர்.

குணமாகுமா என்றேன்.
"அடங்கும்" என்றார்.
இரண்டுக்கும் நடுவே எத்தனை ஸ்டேஜ் என்று
கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டீராய்டு எட்டில் தொடங்கி
வாரத்துக்கு ஒன்று குறைந்தது.
ஏழு. ஆறு.
முகம் பன்னாக உப்பியது.
ராத்திரி இரண்டு மணிக்குச் சோற்றுப் பானையை உருட்டினேன்.
"என்னண்ணே, பாண்டி சரக்கு நல்லா ஏறுதா?"
படிக்கட்டுப் பையன்கள் சிரித்தார்கள்.
மீதிச் சில்லறை கொடுத்தேன்.

ரத்தம் நின்ற நாலாம் மாசம்
மெசலமைனை நானாக நிறுத்தினேன்.
விசாலியிடம்கூடச் சொல்லவில்லை.
நன்றாக இருக்கிறவன்
எதற்கு மாத்திரை தின்ன வேண்டும்?
ஏழு வாரம் யாரோபோல இருந்தேன்.
மிளகாய் பஜ்ஜி தின்ற யாரோ.

மாசி மகத்தன்று வண்டியில் கால் வைக்க இடமில்லை.
தவளக்குப்பத்தில்
ஒரு விசில்.
நான் ஊதியதில்லை அது.

அருள்தாஸ் என் பேண்ட்டைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல்
கழுத்துத் துண்டை எறிந்தான்.
அன்றைய கலெக்ஷனை அவனே எண்ணிக் கட்டினான்.

இப்போது காலையில் மாத்திரை இரண்டு.
மூன்று மாசத்துக்கொருமுறை ரத்தம் கொடுக்கிறேன்,
இது நானாகக் கொடுப்பது.
இரவில் ஒரு குப்பி.
இடப்பக்கம் சாய்ந்து, மேல்காலை மடக்கி,
விடியும்வரை உள்ளே வைத்திருக்கச் சொல்கிறது சீட்டு.
விசாலி சுவர்ப்பக்கம் திரும்பி செல்போன் பார்ப்பாள்.
அது அவள் மரியாதை.

போன செவ்வாய், பாண்டியிலிருந்து திரும்புகையில்
ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்.
பையைத் திற.
ஏழு குப்பி. வெள்ளை. நீளக் கழுத்து.
கான்ஸ்டபிள் ஒன்றை எடுத்துக் குலுக்கினார்.
"என்னய்யா புது சரக்கு?"
"மருந்து சார்."
"குடிக்கிறதா?"
முழு வண்டியும் காதைத் தீட்டிக்கொண்டது.
"இல்ல சார். பின்னாடி வழியா."

கடைசி சீட்டில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
பிறகு பையைக் கொடுக்கிற சாக்கில்
பக்கத்தில் வந்து,
"ரத்தம் போகுமா?" என்றார்.
"போச்சு சார்."
"சளி மாதிரி?"
"அதுவும்."
தொப்பியைக் கழற்றி மாட்டினார்.
"எனக்கு மூலம்னாங்க."

ஒரு டிக்கெட்டைக் கிழித்தேன்.
பின்புறம் எழுதினேன்:
ஜிப்மர், குடல் பிரிவு, டோக்கனுக்கு விடியற்காலையே போகணும்,
நல்லா ஆனப்புறமும் மாத்திரையை நிறுத்தாதீங்க.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
டிக்கெட் வாங்கியவர் மாதிரி.

இரண்டு விசில்.
மஞ்சக்குப்பம் வரை அடங்கியே இருந்தது.
தவளக்குப்பத்தில் ஒன்றுமில்லை என்பதையும்
எழுதியிருக்கலாம்.